எருது மண்டைகளைக் கழுவிய கிராண்டல்

ஆல்டர் க்ரீக்கில் லெமுவேல் கிராண்டலைப் பற்றி இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. அவர் போட்ட சாலை வழியாக வந்தவர்கள் அவரைக் கண்டால் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போவார்கள். கப்பலில் வந்தவர்கள் நகர்ந்து இடம் கொடுப்பார்கள். நன்றாகக் கதை சொல்வார். நான் இரண்டு வழியிலும் வரவில்லை. கலிபோர்னியாவிலேயே, அம்மாவின் ஸ்பானியத்துக்கும் அப்பாவின் ஆங்கிலத்துக்கும் நடுவே பிறந்தவள். அதனால் நடுநிலையாக எழுத முடியும் என்று நினைக்கிறேன். அவருடைய நோட்டீஸைக் கையால் எழுதியவள் நான்தான் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கிராண்டல் இந்தியானாக்காரர். தங்கம் தோண்ட வந்து, தங்கத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தோண்டி எடுத்தவர். உயரம், ஒல்லி, கழுத்து மட்டும் தனியாகக் கொஞ்சம் நீளம். அவர் எங்கள் ஊருக்கு வந்தபோது ஊருக்கு ஒரே ஒரு குறைதான் இருந்தது. கிழக்கேயிருந்து குடியேற வரும் வண்டிகள் எல்லாம் தெற்குப் பாதையில் போய் வேறு ஊர்களில் இறங்கின. எங்கள் கடைகளில் மாவு மூட்டைகள் வாங்க ஆளில்லாமல் எலிகளுக்காகக் காத்திருந்தன.

ஒரு மார்ச் மாதம் கிராண்டல் என் அப்பா ஸ்டோடார்ட்டின் கடைக்குள் நுழைந்து, மாவுப் பீப்பாய் மேல் ஏறி நின்றார்.

"வடக்குல ஒரு பாதை இருக்கு. ஹம்போல்ட் ஆத்துலேர்ந்து நேரா நம்ம ஊர் வாசல். எனக்கு ஒரு கோவேறு கழுதை, மூணு மாசத்துக்கு மாவு, அப்புறம் 'கேப்டன்'னு ஒரு பட்டம். இது மூணும் குடுங்க, அடுத்த வருஷம் இந்தத் தெருவில வண்டி நிக்க இடம் இருக்காது."

"பட்டம் உடனே தர்றோம்" என்றார் அப்பா. "கழுதைதான் யோசிக்கணும்."

கடைசியில் மூன்றும் கொடுத்தார்கள். கிராண்டல் ஏப்ரலில் போய் மே மாதம் திரும்பினார். அந்தப் பாலையின் பூர்வகுடிகளான பையூட் மக்கள் காலங்காலமாகத் தண்ணீர் குடித்துவந்த ஊற்றுகளை, அவர்கள் நடந்த தடத்தின் பின்னாலேயே போய் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்திருந்தார். பனி உருகி ஓடும் ஏப்ரலில் பாலை முழுக்கக் குட்டைகள்; குட்டை ஓரமெல்லாம் புல். அவர் பார்த்தது அத்தனையும் நிஜம். ஆனால் வண்டிகள் ஆகஸ்டில்தான் அங்கே வந்துசேரும். இதை ஊரில் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நோட்டீஸை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 'தரை நடனக்கூடம் போல் சமம். பன்னிரண்டு மைலுக்கு ஒரு நீர்நிலை. ரொட்டி உப்புவதற்கான சோடா வழியிலேயே அள்ளிக்கொள்ளலாம். ஓரிடத்தில் இரவும் பகலும் வெந்நீர் தயார்.'

"அந்த ஊற்று கொதிக்கிறதா?" என்று கேட்டேன்.

"கொதிக்காத தண்ணியில காப்பி போடுவியா பாப்பா?"

நான் மேற்கொண்டு கேட்கவில்லை. அதிகம் கேட்கும் வழக்கம் எனக்கு இல்லை.

முதல் கோடையில் நாற்பது வண்டிகள் வந்தன. மாவு விற்றது, உப்புப் பன்றி விற்றது, களைத்த எருதுகளைக் கொடுத்துவிட்டுக் கொழுத்த எருதுகளை வாங்கிப்போனார்கள். வந்தவர்கள் முதலில் தண்ணீர் கேட்டார்கள். குடித்து முடித்ததும் கிராண்டல் எங்கே என்று கேட்டார்கள். அந்த இரண்டு மாதமும் அவர் பெரும்பாலும் எங்கள் கடையின் பின்கட்டில், பீன்ஸ் மூட்டைகளுக்கு நடுவில் இருந்தார்.

அவர்கள் சொல்ல வேண்டியதை நேரில் சொல்ல முடியாவிட்டாலும், வழியில் எழுதி வைத்திருந்தார்கள். பாலையில் தபால் என்றால் மண்டைதான். செத்த எருதின் தலை வெயிலில் சுண்ணாம்பாக வெளுத்துக் கிடக்கும். நெற்றி ஒரு பலகை போல அகலம். முன்னால் போகிறவர்கள் அதில் அச்சுக்குப் போடும் கறுப்பு வண்டி மையால் எழுதிப் பாதையோரம் நட்டுவிட்டுப் போவார்கள். 'மார்த்தாவுக்குக் காய்ச்சல் விட்டது. முன்னே போகிறோம்.' 'இடது தடம் வேண்டாம்.' பின்னால் வருகிறவர்கள் படித்துக்கொள்வார்கள். மற்றப் பாதைகளில் இப்படிப் பலதும் எழுதியிருக்கும். எங்கள் பாதையில் பெரும்பாலும் கிராண்டலைப் பற்றி எழுதியிருந்தது.

இது ஊர்க் கடைக்காரர்களைக் கவலைப்படுத்தியது. ஒரு சாலையின் முதல் மண்டையிலேயே அதைப் போட்டவனைத் தூக்கில் போடச் சொல்லியிருந்தால் யார் அதில் மாட்டைத் திருப்புவார்கள்? அதனால் இரண்டாம் வருடம் ஜூன் மாதம் கிராண்டல் ஒரு வாளி, தேய்க்கும் பிரஷ், மணல், சவக்காரக் கட்டி ஆகியவற்றோடு கிளம்பினார். ஹம்போல்ட் ஆறு வரைக்கும் போய் எண்பத்தி மூன்று மண்டைகளைக் கழுவினார். பளிச்சென்று ஆனவற்றில் தன் கையாலேயே எழுதியும் வைத்தார். 'மனம் தளராதீர்! புல் அருகில்.' 'பன்னிரண்டு மைலில் நல்ல தண்ணீர்.' திரும்பி வந்தபோது கையெல்லாம் சவக்காரத்தில் வெந்திருந்தது. முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

"இப்ப அது குடும்பத்தோட போகக்கூடிய ரோடு" என்றார்.

ஜூலைக் கடைசியில் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. பனாமா வழியாக, கப்பலில், நான்கு மாதம் பயணம் செய்த கடிதம். கடையில் நின்றபடியே பிரித்தார். படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு, எப்போதும் ஏறி நிற்கும் அந்தப் பீப்பாய் மேல் மெதுவாக உட்கார்ந்தார்.

"ஸ்டோடார்ட், டிரைபீனா வர்றா."

டிரைபீனா அவர் மனைவி. இந்தியானாவை விட்டு ஓர் அடி நகரமாட்டேன் என்று நான்கு வருடமாகக் கடிதத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தவர்.

"நல்ல சேதிதானே? அதுக்கு ஏன்யா மூஞ்சி இப்படி ஆகுது?"

"என் ரோட்டு வழியா வர்றா."

அப்பா தராசை இறக்கி வைத்தார்.

"சும்மா பெருமைக்குத்தான் நோட்டீஸை அனுப்பினேன்" என்றார் கிராண்டல். "அவ கிளம்புவான்னு கனவுல கூட நினைக்கல. பசுமாட்டையெல்லாம் வித்துட்டாளாம். அவ தம்பி ஏமஸும் வர்றான். பதினோரு வண்டி. 'பாதை இவ்வளவு சுகமானது என்பதால் எதிரே வந்து அழைத்துப்போகும் சிரமம் உங்களுக்கு வேண்டாம்'னு எழுதியிருக்கா."

"எப்ப கிளம்பினாங்க?"

"ஏப்ரல்ல. இந்நேரம் ஆத்தங்கரைக்கு வந்திருப்பாங்க."

"சரி, பதறாதே. மண்டையைப் பார்த்துப் பக்குவமா வந்துடுவாங்க. போன வருஷத்து ஆளுங்க எழுதி வெச்சிருக்காங்களே."

கிராண்டல் தன் வெந்த கைகளைப் பார்த்தார்.

"அதுல உன்னைத் திட்டி மட்டும்தானே இருந்துச்சு?"

"திட்டி... நடுநடுவுல கொஞ்சம் தகவலும் இருந்துச்சு."

"என்ன தகவல்?"

"மூணு கிணறு ஆகஸ்ட்ல வத்திடும்னு ஒண்ணு. வெந்நீர் ஊத்துல மாட்டை விடாதீங்க, வெந்துடும்னு ஒண்ணு. ஆத்துலேர்ந்து அம்பத்திரண்டு மைலுக்குத் தண்ணியைக் கையோட கொண்டு வாங்கன்னு ஏழெட்டு."

"அத்தனையும் கழுவிட்டியா?"

"சவக்காரம் போட்டு, ஸ்டோடார்ட்."

அன்று மதியமே எங்கள் வண்டி கிளம்பியது. ஆறு பீப்பாய் தண்ணீர், வைக்கோல், நான்கு கோவேறு கழுதைகள், ஒரு சட்டி வண்டி மை. வழியில் தடம் பல இடங்களில் இரண்டாகப் பிரியும். அவர்கள் எதில் வருவார்கள் என்று தெரியாது, அவர்களுக்குப் பின்னால் வேறு வண்டிகளும் வரும். ஆகவே கழுதைகள் இளைப்பாறும் இடங்களில் எல்லாம் மண்டைகளைத் திருத்தி எழுதிவிடுவது என்று அப்பா முடிவு செய்தார். கிராண்டலின் கைப் புண் இன்னும் ஆறாததால் எழுதுவதற்கு என்னைக் கூட்டிப்போனார்கள். அம்மா எனக்குத் தனியாக ஒரு குடுவைத் தண்ணீர் கொடுத்து, அதைக் கிராண்டலிடம் காட்டாதே என்று ஸ்பானியத்தில் சொன்னார்.

இரண்டாம் நாள் வெந்நீர் ஊற்றுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஊற்றின் ஓரத்தில் வரிசையாக ஆறு மண்டைகள், கழுவித் துடைத்த பீங்கான் தட்டுகள் மாதிரி. கிராண்டல் யோசித்து யோசித்து முதல் வாசகத்தைச் சொன்னார்.

"எழுது பாப்பா. 'பயணிகள் தயவுசெய்து கவனிக்கவும். இவ்விடத்து நீர் சற்றே சூடாக இருக்கக்கூடும்.'"

அப்பா கழுதையின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தவர் திரும்பினார்.

"அடிச்சுப் போடும்மா அதை. மரியாதையா பேசற மண்டையை எவன் நம்புவான்? நோட்டீஸும் மரியாதையாத்தான் பேசிச்சு. கோவத்துல எழுதினாத்தான் அனுபவப்பட்டவன் எழுதியிருக்கான்னு தெரியும். யோவ், இதுல முதல்ல என்ன இருந்துச்சு? அதையே சொல்லு."

"எல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு, ஸ்டோடார்ட்?"

"உனக்கு இருக்கும்."

இருந்தது. ஒன்று விடாமல் இருந்தது. எண்பத்தி மூன்று மண்டைகளில் எதில் யார் என்ன எழுதினார்கள், எந்தத் தேதி, கீழே எந்த ஊர்ப் பெயர், எல்லாம் அவருக்கு மனப்பாடம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தூரத்து மலையைப் பார்த்தபடி, பள்ளிக்கூடத்தில் வேதாகம வசனம் ஒப்பிக்கிறவர் போலச் சொன்னார்.

"'லெமுவேல் கிராண்டல் என்ற பொய்மூட்டையைப் பிடித்தால் முதலில் இந்த ஊற்றில் வேகவைக்கவும்.' இதுவும் தேவையா?"

"தேவை. மேல சொல்லு."

"'வெந்துவிட்டானா என்று பார்க்க வேண்டாம். நிச்சயம் வெந்திருப்பான். எங்கள் சிவப்பு எருது இரண்டு நிமிடத்தில் வெந்தது. மாடுகளைத் தள்ளிக் கட்டுங்கள். நீரை மொண்டு பீப்பாயில் ஆறு மணி நேரம் ஆறவிட்டுக் கொடுங்கள். மிசூரி, ப்ளெட்சர் குடும்பம்.'"

"பாரு, எவ்வளவு உபயோகமா எழுதியிருக்கான்!" என்றார் அப்பா.

"அடுத்ததுல வெறும் திட்டுதான். தகவலே கிடையாது. விட்டுடலாம்."

"அதையும் எழுதட்டும். அப்பத்தான் பக்கத்துல இருக்கறதுக்கு ஒரு எடுப்பா இருக்கும்."

நான் எழுதினேன். ஓரிரு கெட்ட சொற்களுக்கு மட்டும் முதல் எழுத்தும் ஒரு கோடும் போட்டேன். அப்பா அவற்றைக் கவனித்துவிட்டு அடுத்த மண்டையை நீட்டினார்.

அன்று மாலை ஊற்று நீரில் காப்பி போட்டோம். உப்பும் கந்தகமுமாக, பழைய குதிரை லாடத்தை ஊறவைத்த மாதிரி இருந்தது. கிராண்டல் ஒரே மூச்சில் குடித்தார். யாரும் எதுவும் கேட்காமலே, "நோட்டீஸ்ல ருசியைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல" என்றார்.

மூன்றாம் நாள் அவர் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. மூன்று கிணறுகளில் இரண்டு வெடித்த மண். மூன்றாவதில் ஒரு தொப்பி கொள்ளும் அளவுக்குச் சேறு. பக்கத்தில் அவர் கையெழுத்தில் ஒரு மண்டை: 'சோர்வா? இதோ கிணறு!' கிராண்டல் அதைக் காலால் புரட்டிவிட்டு, கவிழ்ந்து கிடந்ததன் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"பதினோரு வருஷம் குடித்தனம் பண்ணினேன், ஸ்டோடார்ட். ஒரு தடவைகூட அவ நான் சொன்னதைக் கேட்டதில்ல. இதை மட்டும் ஏன் கேட்டா?"

அப்பா கழுதைகளை மறுபடி பூட்டப் போனார்.

கிணறுகளைத் தாண்டினால் ஏரித்தரை. தண்ணீர் வற்றி நூற்றாண்டுகளான வெள்ளை மண், கண்ணுக்கு எட்டிய வரை சமம். அதன் நடுவில், காலை பத்து மணி வெயிலில், வண்டிகளின் வெள்ளைக் கூரைகள் தெரிந்தன. எண்ணினோம். பதினொன்று. தூசி கிளம்பவில்லை. வண்டிகள் நகரவில்லை. வெகுநேரம் பார்த்தோம், ஓர் ஆள்கூட நடமாடவில்லை.

கிராண்டல் ஓடினார். அந்த ஒன்றரை மைலையும் ஓடினார். நாங்கள் கழுதைகளை விரட்டிக்கொண்டு பின்னால் போனோம்.

நாங்கள் நெருங்கியபோது அவர் முதல் வண்டியின் அருகே முழங்காலில் விழுந்திருந்தார். வண்டிக்கடியில் நிழலில் நான்கு பேர் மல்லாந்து கிடந்தார்கள், முகத்தில் ஈரத் துணி. அடுத்த வண்டிக்கடியிலும் அப்படியே. அதற்கடுத்ததில் ஒரு கால் மட்டும் வெளியே நீட்டியிருந்தது. கிராண்டல் எழுந்து ஓடி அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ ஏமஸ்!" என்று கத்தினார்.

கால் அவரை உதைத்தது. புரண்டு படுத்தது.

அப்போதுதான் கவனித்தோம். எருதுகள் அசைபோட்டுக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு கட்டு அறுத்த புல். எங்கிருந்தோ குறட்டை கேட்டது.

"மிஸ்டர் கிராண்டல், மெதுவா பேசுங்க" என்றது ஒரு குரல். "எல்லாரும் தூங்குறாங்க."

நடு வண்டியின் பின்னால் ஒரு பீப்பாய். அதன் மேல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். நெற்றி வரை இழுத்துவிட்ட தொப்பி, வெடித்த உதடுகள், மடியில் ஒரு நீண்ட தகர அகப்பை. கண்கள் இரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தன. கோபத்தில் மட்டும்தான் அவர் கணவரை 'மிஸ்டர்' போட்டுக் கூப்பிடுவார் என்று எனக்கு அப்போது தெரியாது. ஆனாலும் ஒருவாறு புரிந்தது.

"டிரைபீ... நீ உயிரோட இருக்கே."

"நோட்டீஸ்ல அப்படித்தானே போட்டிருந்துச்சு."

"எப்படி...? கிணறெல்லாம் வத்திப்போச்சு... நான் எழுதி வெச்சது..."

"ஆத்தங்கரையில ஒரு மாட்டு மண்டை. 'பன்னிரண்டு மைலில் நல்ல தண்ணீர், மனம் தளராதீர்.' படிக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே உங்க கையெழுத்துன்னு தெரிஞ்சுபோச்சு. ஏமஸ்கிட்ட சொன்னேன், இருக்கற பீப்பாய் அத்தனையையும் ரொப்பு, அம்பது மைலுக்குப் புல் அறு, பகல்ல படுக்கணும் ராத்திரியில நடக்கணும்னு. ரப்பர் பூட்ஸ்லகூடத் தண்ணி ரொப்பிக்கிட்டோம். 'மச்சான் பன்னிரண்டுன்னு எழுதியிருக்காரே அக்கா'ன்னான். கூரை இன்னும் ஒரு வருஷம் தாங்கும்னு உன் மச்சான் சொன்ன அன்னிக்கே கட்டிலை நகர்த்திப் போட்டவடா நான்னு சொன்னேன்."

அப்பா இருமுவது போல வாயைப் பொத்திக்கொண்டார்.

"நாங்க ஆறு பீப்பாய் கொண்டுவந்திருக்கோம் அம்மா" என்றார்.

"நல்லதாப் போச்சு ஐயா. இது கடைசிப் பீப்பாய். மூணு நாளா இது மேலேயேதான் உட்கார்ந்திருக்கேன். கண்ணசந்தா மொண்டுடுவாங்க. ஏமஸ்தான் முதல் ஆளு."

மூன்றாவது வண்டிக்கடியிலிருந்து, "நான் முழிச்சுத்தான் இருக்கேன்" என்று ஏமஸின் குரல் வந்தது. "தூங்கு" என்றார் டிரைபீனா. குரல் அடங்கியது.

பிறகு கணவரை ஏற இறங்கப் பார்த்தார். சவக்காரத்தில் வெந்த கைகள், கிழிந்த முழங்கால், கழுத்தெல்லாம் வண்டி மை.

"ஒரே ஒரு கேள்வி. கதை வேண்டாம். அது அத்தனையும் உண்மைன்னு நினைச்சுத்தான் எழுதினீங்களா?"

கிராண்டல் வாயைத் திறந்தார். எப்போதும் அந்த வாயிலிருந்து வருவதெல்லாம் எனக்குத் தெரியும்: நடனக்கூடம், புல், வெந்நீர். எதுவும் வரவில்லை.

"ஏப்ரல்ல உண்மை" என்றார்.

"இது ஆகஸ்ட்."

"ஆமா."

"அது எழுதும்போது தெரியுமா?"

"தெரியும்."

டிரைபீனா கொஞ்ச நேரம் அகப்பையால் பீப்பாயை மெல்லத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு இறங்கினார். கால் மரத்துப்போயிருந்ததால் விழப்போனவரைக் கிராண்டல் தாங்கினார். டிரைபீனா அந்தக் கையைத் தட்டிவிடவில்லை; ஆனால் நன்றாக நின்ற பிறகு விலக்கினார். வண்டியின் பக்கவாட்டில் செருகியிருந்த, மாடு ஓட்டும் தார்க்கோலை உருவி அவரிடம் நீட்டினார்.

"வெயில் சாஞ்சதும் பூட்டணும். இடது பக்கத்து முன் மாட்டுக்குக் குளம்பு வெடிச்சிருக்கு, விரட்டக்கூடாது. ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் நான் தூங்கப்போறேன். அங்கே வந்ததும் மீதியைப் பேசிக்கலாம், லெம். நடுவுல நீங்க என்ன பேசினாலும் முழிச்சுக்குவேன். முழிச்சேன்னா திரும்பி இந்தியானாதான்."

வண்டிக்குள் ஏறினார். மெத்தையில் தலை பட்டதும் தூங்கிவிட்டார் என்று நினைக்கிறேன். அந்தக் குறட்டை ஏமஸுடையதைவிடப் பெரியது.

எங்கள் தண்ணீரை எருதுகளுக்கும் பிள்ளைகளுக்கும் பங்கிட்டோம். வெயில் சாய்ந்ததும் பதினோரு வண்டிகளும் பூட்டப்பட்டன. கிராண்டல் முன் மாட்டின் பக்கத்தில் நடந்தார். அதட்டாமல், நாக்கைச் சொடுக்காமல், எருதின் காதருகே உதட்டை மட்டும் அசைத்து ஓட்டினார். அப்பா முன்பு கப்பலில் இருந்தவர். கழுதைகளோடு கப்பல் பாஷையில்தான், உரக்கத் திட்டித்தான் பேசுவார். அப்பா வாயைத் திறந்ததும் கிராண்டல் நீளக் கால்களால் ஓடிவந்து, விரலை உதட்டில் வைத்துக் கையெடுத்துக் கும்பிட்டார். ஒரு சின்னப் பெண் சிரித்ததற்கும் ஓடினார். யாருடைய சட்டியோ கடகடத்ததற்கும் ஓடி, தன் சட்டையைக் கழற்றி அதில் சுற்றிக் கட்டினார்.

இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் என் பக்கத்தில் நடந்துவந்தார். நாங்கள் வந்தபோது அவர் தூங்கிக்கொண்டிருந்தார். வெகு நேரம் கிராண்டலையே பார்த்துக்கொண்டு வந்தவர் என் காதருகே குனிந்தார்.

"சட்டையில்லாம முன்னாடி போறாரே, அந்த ஊமை மனுஷன் யாரும்மா?"

"இந்தச் சாலையைக் கண்டுபிடித்தவர்" என்றேன்.

"அடப் பாவமே" என்றார் அந்தப் பெண். "அவருக்கு மட்டும் பேச்சு வந்திருந்தா, இங்க தண்ணி இல்லன்னு முன்னாடியே நம்மகிட்ட சொல்லியிருப்பாரு."